சூல்காலத்து இரத்தக் கொதிப்பும் சுகப்பிரசவமும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் மொழி. இக்காலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிரசவத்தின்போது தாய் இறப்பது அரிதாகிவிட்டது. ஆயினும் அம்மொழி பொய்யாகிவிடவில்லை. கருவுற்ற தாய்மாரை இன்றும் அச்சுறுத்தி வரும் நோய்களுள் ஒன்று, இரத்தக் கொதிப்போடு கூடிய 'பிரீ-எக்லாம்ப்சியா' என்பதாகும். உலகில் கருவுறும் பெண்களில் நூற்றுக்கு 3 முதல் 8 பேர்வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 46,000 தாய்மாரும், ஏறக்குறைய 5 இலட்சம் சிசுக்களும் இதனால் உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இந்நோயின் கொடுமை யாதெனில், இது பெரும்பாலும் வலியின்றி வருவதுதான். காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். எலும்பு முறிந்தால் வலிக்கும். இந்நோயோ தொடக்கத்தில் எந்தத் துன்பமும் தருவதில்லை. நன்றாக உண்டு, உறங்கி, வீட்டு வேலைகளையும் குறைவின்றிச் செய்துவரும் ஒரு பெண்ணின் உடலில் இது பல நாள் மறைந்திருக்கக்கூடும். ஆகவே, "எனக்கு ஒன்றும் இல்லையே, எதற்குக் கிளினிக்குக்குப் போகவேண்டும்?" என்ற எண்ணமே இந்நோய்க்குப் பெருந்துணையாக அமைகிறது. கருவியால் அளந்தாலன்றி இதைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள இயலாது என்பதைத் தாய்மாரும் அவர்தம் குடும்பத்தாரும் முதலில் உணரவேண்டும்.

பெயரும் இலக்கணமும்

'எக்லாம்ப்சியா' என்பது மின்னல்போல் திடீரெனப் பளிச்சிடுதல் என்னும் பொருளைத் தரும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. கருவுற்ற பெண்ணுக்குத் திடீரென வலிப்புக் காண்பதை இப்பெயரால் குறித்தனர். தமிழில் இதனைச் சூல்வலிப்பு என்பர். நாட்டுப்புறத்தார் பிரசவ சன்னி என்று சொன்னவற்றுள் இதுவும் அடங்கியிருந்தது. அவ்வலிப்புக்கு முந்திய நிலையே பிரீ-எக்லாம்ப்சியா, அதாவது முன்சூல்வலிப்பு.

கரு தரித்து 20 வாரங்கள் கடந்தபின், இரத்த அழுத்தம் புதிதாக உயர்ந்து, மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90 என்ற எல்லையைத் தொட்டால், குறைந்தது 4 மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து டாக்டர்கள் அதனை உறுதி செய்வர். அதனுடன் சிறுநீரில் புரதம் இறங்கினாலோ, ஈரல், சிறுநீரகம், மூளை, இரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றில் கேடு தோன்றினாலோ, வயிற்றிலுள்ள குழந்தையின் வளர்ச்சி குன்றினாலோ, அது முன்சூல்வலிப்பு என முடிவு செய்யப்படும். மேல் அளவு 160 அல்லது கீழ் அளவு 110 எட்டினால் நிலைமை கடுமையானது. மூளையில் இரத்தம் கசியும் அபாயம் உண்டாகையால், உடனடியாக மருந்து கொடுத்துக் குறைக்கவேண்டும்.

இந்த அறிவு ஒரே நாளில் கிட்டியதன்று. இலண்டன் கய்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் லீவர் என்பார், வலிப்புக் கண்ட தாய்மாரின் சிறுநீரில் 'ஆல்புமின்' என்னும் புரதம் இருப்பதை 1843-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். புயத்தில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896-இல் அமைத்தார். ஸ்டெதஸ்கோப் வைத்து ஒலி கேட்டு அளக்கும் முறையை ரஷியரான கொரொட்காவ் 1905-இல் வெளியிட்டார். சிறுநீர்ச் சோதனை, புயத்தில் கட்டும் பட்டை ஆகிய இவ்விரண்டு எளிய சோதனைகளே, புதிய கருவிகள் பல வந்துவிட்ட இன்றும், கருவுற்ற தாய்க்கு முதற்காவலாக விளங்குகின்றன.

நோயின் மூலம் எங்கே?

ஒரு காலத்தில் இந்நோய்க்கு 'டாக்ஸீமியா' என்று பெயரிட்டிருந்தனர். இரத்தத்தில் ஏதோ ஒரு நச்சுப்பொருள் கலந்துவிட்டது என்பது அதன் பொருள். அந்த நஞ்சு இன்னதென்று நெடுங்காலம் எவராலும் காட்ட முடியவில்லை. பிற்காலத்தில் அப்பெயரும் வழக்கொழிந்தது. ஆயினும் நோயின் பிறப்பிடம் நஞ்சுக்கொடியே என்பது இன்று தெளிவாகிவிட்டது. குழந்தைக்கு உணவும் உயிர்க்காற்றும் ஊட்டும் அவ்வுறுப்புக்குத் தமிழர் 'நஞ்சு' என்றே பெயரிட்டு வழங்கி வருவது ஒரு வியப்பான ஒற்றுமை.

கரு தரித்த முதல் மாதங்களில், நஞ்சுக்கொடியின் அணுக்கள் கருப்பையின் சுவருக்குள் ஊடுருவிச் சென்று, அங்குள்ள சுருள்வடிவ இரத்தக் குழாய்களை அகலமாக்கிவிடும். சிறு வாய்க்கால் பெருங்கால்வாயாக மாறுவது போன்றது அது. சிலருக்கு இம்மாற்றம் அரைகுறையாக நின்றுவிடுகிறது. குழாய்கள் குறுகியே இருப்பதால் நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் கிடைப்பதில்லை. அப்போது அது சில புரதங்களை மிகுதியாகத் தாயின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அவற்றுள் முக்கியமான ஒரு புரதத்தின் பங்கை, அமெரிக்காவின் போஸ்டன் நகரில் ஆனந்த் கருமஞ்சி முதலிய ஆய்வாளர் 2003-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினர். இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் செழிப்பாக வைத்திருக்கும் இயற்கைப் பொருள்களை அப்புரதம் பிடித்து முடக்கிவிடுகிறது. அதனால் தாயின் உடலெங்குமுள்ள குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகத்தின் சல்லடை பழுதுபட்டுப் புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. ஈரல் வீங்குகிறது. மூளை பாதிக்கப்படும்போது வலிப்பு வருகிறது.

எனவே, இரத்தக் கொதிப்பு இந்நோயின் ஒரு குறியே அன்றி நோயின் வேர் அன்று. மருந்தினால் அழுத்தத்தைக் குறைக்கலாம். அதனால் மூளை காக்கப்படும். ஆனால் நஞ்சுக்கொடி உடலில் இருக்கும்வரை நோயும் இருக்கும். குழந்தை பிறந்து நஞ்சும் வெளிப்படுவதே நோயின் தீர்வுக்கு வழி.

யாருக்கு வரும்?

முதற்பிள்ளை பெறுவோர், முந்திய கருப்பத்தில் இந்நோய் கண்டோர், இரட்டைப் பிள்ளை சுமப்போர், முன்னரே இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவை உடையோர், மிகுந்த உடற்பருமன் உடையோர், 40 வயதைக் கடந்து கருவுற்றோர், தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இந்நோய் வந்த குடும்பத்தினர் ஆகியோர்க்கு வாய்ப்பு அதிகம். நீரிழிவும் கொதிப்பும் நம் மக்களிடையே பெருகியிருப்பதை எண்ணும்போது, இவ்விஷயத்தில் தமிழ்க் குடும்பங்கள் கூடுதல் கவனம் செலுத்துவது அவசியம். எனினும் மேற்சொன்ன எவற்றிலும் சேராத பெண்ணுக்கும் இது வரக்கூடும். ஆகையால் தாயின் குணத்தையோ, அவள் உண்ட உணவையோ, செய்த வேலையையோ குறை கூறுவது அறியாமையாகும்.

வழக்கமென்று தள்ளப்படும் குறிகள்

நோய் முற்றும்போது சில குறிகள் தோன்றும். ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு சமாதானம் ஆயத்தமாக இருக்கிறது. கடுந்தலைவலி வந்தால் வெயிலில் நடந்தது காரணம் என்பார்கள். கண் முன் மின்மினி பறப்பதுபோல் தோன்றினால் இரத்த சோகை என்பார்கள். மேல்வயிற்றில், வலப்புற விலாவுக்குக் கீழே வலித்தால் வாயு என்றோ 'காஸ்ட்ரிக்' என்றோ சொல்லிக் கஷாயம் கொடுப்பார்கள். முகமும் கையும் திடீரென வீங்கி, மோதிரமும் வளைகாப்பன்று இட்ட வளையலும் இறுகினால், நீர் கோத்திருக்கிறது என்று பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பார்கள்.

கருவுற்ற காலத்தில் கால் சற்று வீங்குவது பலருக்கும் உள்ளதே. அது மட்டும் இருந்தால் நோய் என்று கொள்வதற்கில்லை. வீக்கமே இன்றியும் நோய் வரலாம். பார்லித் தண்ணீர் குடிப்பதால் கேடில்லை. ஆனால் அது இந்நோய்க்கு மருந்தாகாது. தீராத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, ஓயாத வாந்தி, மூச்சுத் திணறல், முகம் கை வீக்கம், சிறுநீர் குறைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அடுத்த கிளினிக் நாள் வரையில் காத்திராமல், இரவாயினும் பகலாயினும் அன்றே மருத்துவமனைக்குச் சென்று அழுத்தத்தை அளந்துகொள்ள வேண்டும். 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டால் அது நட்டமன்று.

கருக்காலத்தில் காப்பு

மலேசிய அரசாங்கத்தின் தாய்சேய் நலக் கிளினிக்குகளில், கருவுற்ற பெண்ணின் பதிவேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிற அடையாளம் இடும் முறை உண்டு. ஆபத்தின் அளவை அந்நிறம் காட்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டியவர் என்பது பொருள். அப்பதிவேட்டை எங்குச் சென்றாலும் உடன் கொண்டுசெல்வது நல்லது. மலேசியாவும் இலங்கையும் தாய்மார் மரணத்தைப் பெருமளவு குறைத்த வரலாற்றை ஆராய்ந்து, உலக வங்கி 2003-ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் சிற்றூர்களிலும் கிடைக்கும்படி செய்தது அவ்வெற்றியின் முக்கிய காரணங்களுள் ஒன்றாக அதில் கூறப்பட்டுள்ளது.

ஆபத்து மிகுந்தவர் என்று கண்டறியப்பட்ட தாய்மாருக்கு, கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே சிறு அளவில் ஆஸ்பிரின் கொடுக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் இஸ்ரேலிலும் 1,776 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவுதோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் உட்கொண்டவர்களில், 37 வாரத்திற்கு முன்பே குழந்தையைப் பெறவேண்டிய நிலைக்குக் கொண்டுசெல்லும் முன்சூல்வலிப்பு நூற்றுக்கு 1.6 பேருக்கே வந்தது. மருந்தற்ற மாத்திரை உண்டவர்களில் 4.3 பேருக்கு வந்தது. உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மக்களுக்குக் கால்சியம் மாத்திரை பயன்படும் என்பதும் தெரிந்துள்ளது. இவற்றை டாக்டரின் ஆணையின்றித் தாமாகவே உண்ணலாகாது.

முன்னாளில் டாக்டர்கள் உப்பை அறவே நீக்கச் சொன்னதும், நீர் பிரியும் மருந்து கொடுத்ததும், மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்தியதும் உண்டு. அவை நோயைத் தடுக்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது. இன்று அவை பரிந்துரைக்கப்படுவதில்லை. அழுத்தத்தைக் குறைக்க மெத்தில்டோபா, லபெட்டலால், நிஃபெடிபின் முதலிய மருந்துகள் கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்படுகின்றன. சாதாரணக் கொதிப்புக்குரிய வேறு சில மருந்துகள் குழந்தைக்குக் கேடு செய்யும். ஆதலால், முன்பே கொதிப்புக்கு மருந்துண்ணும் பெண் கருவுற எண்ணும்போதே டாக்டரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

எப்போது பெறுவது?

இந்நோயில் டாக்டர்கள் எதிர்நோக்கும் பெருஞ்சிக்கல் இதுதான். தாய்க்குப் பிரசவமே மருந்து. ஆனால் குழந்தைக்கோ கருப்பையில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் வளர்ச்சி. தாயை நோக்கினால் விரைவு வேண்டும். சேயை நோக்கினால் பொறுமை வேண்டும். 37 வாரம் நிரம்பிவிட்டால் தயக்கத்திற்கு இடமில்லை. நெதர்லாந்தில் 36 வாரம் கடந்த, இலேசான நோயுடைய 756 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. மருந்தால் வலியைத் தூண்டிப் பிரசவிக்கச் செய்தவர்களில் தாய்க்கு நேர்ந்த கேடுகள் நூற்றுக்கு 31, காத்திருந்தவர்களில் 44. வலியைத் தூண்டினால் வயிற்றைக் கிழிக்க நேரிடும் என்று பலரும் அஞ்சுவர். அவ்வாய்வில் அறுவைப் பிரசவம் கூடவில்லை என்பது கருதத்தக்கது.

அதற்கு முந்திய வாரங்களில், தாயின் நிலை இடங்கொடுக்குமாயின், மருத்துவமனையில் வைத்து நாள்தோறும் கவனித்துவருவர். 34 வாரத்திற்கு முன் பிரசவம் நேருமெனத் தோன்றினால், குழந்தையின் நுரையீரல் பக்குவமடையத் தாய்க்கு 'ஸ்டீராய்டு' ஊசி போடுவர். தாயின் உயிருக்கு அபாயம் நெருங்கினால் வாரக் கணக்கைப் பாராமல் பிரசவத்தை நடத்துவர். அந்நேரத்தில், "இன்னும் நாள் நிறையவில்லையே" என்று குடும்பத்தார் தடுத்து நிற்பது தாயையும் சேயையும் ஒருசேர இழப்பதில் முடியக்கூடும்.

பிரசவ வேளையில்

இந்நோயுள்ள பெண் பெரும்பாலும் இயல்பான வழியிலேயே பிள்ளை பெறலாம். நோய் உண்டு என்பதற்காக மட்டும் அறுவை தேவைப்படுவதில்லை. ஆனால் எல்லா வசதிகளும் உள்ள மருத்துவமனையில்தான் பெறவேண்டும். அங்கு அழுத்தத்தையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் இடைவிடாது கவனிப்பர். நரம்பின் வழியே ஏற்றும் நீரையும் அளந்தே ஏற்றுவர். மிகுந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். தட்டணுக்கள் போதுமான அளவு இருந்தால், முதுகில் 'எபிடியூரல்' மருந்து செலுத்தி வலியைத் தணிப்பர். வலி தணிவது அழுத்தம் ஏறாமலிருக்கவும் துணைசெய்யும். குழந்தை பிறந்தபின் கருப்பை சுருங்குவதற்குச் சிலருக்குப் போடப்படும் எர்கோமெட்ரின் ஊசி இவர்களுக்கு ஆகாது. அழுத்தத்தை மிக உயர்த்திவிடும். ஆக்சிடோசினே ஏற்றது.

வலிப்பைத் தடுக்கும் மருந்தின் கதை அறியத்தக்கது. கடையில் பேதி உப்பாக விற்கப்படும் மக்னீசியம் சல்பேட்டே அது. அதனை ஊசி வழியாகச் செலுத்தும் முறை 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தோன்றிவிட்டது. ஆயினும் பல நாடுகளின் டாக்டர்கள் அதனை ஏற்கத் தயங்கினர். சென்னையில் டாக்டர் எம். கே. கிருஷ்ண மேனன், மூளையை அமைதிப்படுத்தும் மருந்துகள் சிலவற்றை ஒன்றுசேர்த்து வழங்கும் முறையொன்றைக் கையாண்டு, 1961-இல் அதுபற்றி எழுதினார். அம்முறை இந்திய மருத்துவமனைகளில் நெடுநாள் வழங்கிற்று. எது சிறந்தது என்ற வாதத்தைப் பெருஞ்சோதனைகளே தீர்த்துவைத்தன. 1995-இல் 1,687 தாய்மாரிடம் நடந்த சோதனையில், வலிப்பு மீண்டும் வராமல் தடுப்பதில் டயாசிபாம், ஃபெனிடோயின் ஆகிய இரு மருந்துகளையும் மக்னீசியம் வென்றது. 2002-இல் 33 நாடுகளின் 10,000-க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த 'மேக்பை' சோதனையில், வலிப்பு வருவதையே அது பாதிக்கும் கீழாகக் குறைத்தது. விலை மலிந்த ஓர் உப்பு இத்தனை உயிர்களைக் காப்பது மருத்துவத்தின் அருஞ்செய்திகளுள் ஒன்று.

ஆயினும் அதை வாயால் உண்டு பயனில்லை. மருத்துவமனையில் நரம்பிலோ தசையிலோ அளந்து செலுத்தவேண்டும். அளவு மிஞ்சினால் மூச்சு தளரும். ஆகவே முழங்கால் துடிப்பு, மூச்சின் எண்ணிக்கை, சிறுநீரின் அளவு ஆகியவற்றைத் தாதியர் அடிக்கடி சோதிப்பர். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டும் அருகில் இருக்கும். ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் அனல்போல் காந்துவது இயல்பு, தாய் அஞ்சவேண்டியதில்லை.

வீட்டில் வலிப்புக் கண்டால்

கையில் இரும்புச் சாவி கொடுப்பதும், பல்லிடையே கரண்டியைத் திணிப்பதும், முகத்தில் நீர் தெளித்து வாயில் தண்ணீர் ஊற்றுவதும், மந்திரிக்க ஆள் தேடுவதும் உயிருக்கு ஊறு விளைவிக்கும் செயல்கள். பெண்ணை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் நுரையிருந்தால் தானே வடிய விட்டு, அவள் கீழே விழாமலும் அடிபடாமலும் பார்த்துக்கொண்டு, உடனே ஆம்புலன்ஸை அழைக்கவேண்டும். அதற்குரிய எண் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. வலிப்பு தானாக நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்வதைத் தவிர்க்கலாகாது.

பிறந்த பின்னும் விழிப்பு

குழந்தை பிறந்ததும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிட்டது என்று கருதுவது பெருந்தவறு. நஞ்சு வெளிப்பட்ட பின்னும் அதன் விளைவு உடலில் சில நாள் நீடிக்கும். பிரசவத்திற்குப்பின் 3 முதல் 6 நாள் வரையில் அழுத்தம் உச்சத்துக்கு ஏறுவதுண்டு. அந்நாட்கள் தாய் வீடு திரும்பிப் பத்தியத்தில் இருக்கும் நாட்கள். அவளுக்குத் தலைவலி வந்தால் குளிர்ந்த காற்றுப் பட்டதென்று சொல்லிச் சாம்பிராணி போட்டுப் படுக்கவைக்கும் வீடுகள் உண்டு. சாம்பிராணி போடுவதைக் குறை சொல்லவேண்டியதில்லை. அதற்கு முன் அழுத்தத்தை அளந்துவிட வேண்டும். கருப்பக் காலத்தில் கொதிப்பு இல்லாதிருந்தோர்க்கும் பிரசவத்திற்குப்பின் 6 வாரங்களுக்குள் இந்நோய் தலைகாட்டக்கூடும். மலேசியாவில் பிரசவித்த தாயைப் பார்க்க அரசாங்கத் தாதியர் வீடு தேடி வருவர். அவர்கள் வரும்போது, தாய் உறங்குகிறாள் என்று திருப்பி அனுப்பலாகாது.

அதன் பின்னரும் இச்செய்தியை மறந்துவிடல் ஆகாது. முன்சூல்வலிப்புக் கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நெஞ்சு நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே ஆண்டுதோறும் அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்வதும், உடல் எடையை அளவில் வைத்துக்கொள்வதும், அடுத்த முறை கருவுற்ற உடனே முந்திய வரலாற்றை டாக்டரிடம் கூறுவதும் அவளுடைய கடமைகள். அவளுக்குத் துணைநின்று அவற்றைச் செய்விப்பது கணவனின் கடமை.

இந்நோய் வராமல் முற்றிலும் தடுக்கும் வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆயினும் காலத்தில் கண்டுகொண்டால் பெரும்பாலோர் நலமாகப் பிள்ளை பெற்று வீடு திரும்புகின்றனர். புயத்தில் பட்டை கட்டி அளக்கவும், சிறுநீரில் ஒரு காகிதக் கீற்றைத் தோய்த்துப் பார்க்கவும் சில நிமிடங்களே ஆகும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நாளிலும் அந்தச் சில நிமிடங்களை ஒதுக்கிக் கிளினிக்குக்குச் செல்லும் தாய், தன் உயிரையும் தன் வயிற்றில் வளரும் உயிரையும் சேர்த்துக் காத்துக்கொள்கிறாள்.